கோமாஷியோ: முக்கால் பதத்தில் நிறுத்துங்கள்

எள், உப்பு. பொருள் பட்டியல் இத்தோடு முடிந்தது. மிளகாய் இல்லை, பருப்பு இல்லை, பெருங்காயம் இல்லை. ஜப்பான்காரர்கள் சோற்றின் மேல் தூவிக்கொள்ளும் கோமாஷியோ இவ்வளவுதான். இதற்குப் போய் ஒரு பதிவா என்று நீங்கள் கேட்கலாம். என் அம்மாவும் வீடியோ காலில் அதையேதான் கேட்டார்.

"ஏன்டி, எள்ளையும் உப்பையும் வறுத்துப் பொடிக்கிறதுக்கு ஜப்பான் வரைக்கும் போகணுமா? அதுவும் ஒரு மிளகாகூடப் போடாம?"

அம்மா கேட்டதில் நியாயம் உண்டு. எள்ளுப்பொடி இல்லாத தமிழ் வீடு எது? ஆனால் டோக்கியோவின் நிஷி-கசாய் பக்கம் குடித்தனம் வந்து, இங்கே இருப்பவர்கள் இதை எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று பார்த்த பிறகு எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. நம்முடைய எள்ளுப்பொடி ஒரு தொடுகறி. நல்லெண்ணெய் ஊற்றிக் குழைத்தால் இரண்டு இட்லி கூடுதலாக இறங்கும். கோமாஷியோ அந்த வேலைக்கு வந்ததில்லை. அது உப்பின் இடத்தில் உட்காருவது. சாப்பாட்டு மேஜையில் உப்புக் குப்பி இருக்குமே, அந்த இடத்தில்.

இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் போதும். ஏன் இவ்வளவு கொஞ்சமாகச் செய்கிறார்கள், ஏன் நைசாக அரைப்பதில்லை, ஏன் அடுப்பில் கொதிக்கிற எதிலும் இதைப் போடுவதில்லை என்பதெல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

எதன் மேல் தூவுகிறார்கள்?

முதலில் செக்கிஹான். பசையரிசியையும் அசுகி என்கிற சின்னச் சிவப்புப் பயறையும் சேர்த்து வேகவைக்கிற சோறு. பயறு வெந்த தண்ணீர் அரிசியில் ஏறி, சோறு இளஞ்சிவப்பாக வரும். குழந்தை பிறந்தால், பள்ளிக்கூடத்தில் சேர்த்தால், வீட்டுப் பெரியவருக்கு அறுபது நிறைந்தால் செக்கிஹான். நவம்பரில் 3, 5, 7 வயதுக் குழந்தைகளுக்கு உடுத்திவிட்டுக் கோயிலுக்கு அழைத்துப்போகும் ஷிச்சி-கோ-சான் விழாவிலும் இதுதான். டோக்கியோ பக்கத்தில் அசுகிக்குப் பதில் சசாகே என்கிற காராமணி வகையைப் போடுவார்கள். அசுகி வேகும்போது தோல் வெடிக்கும். சாமுராய்கள் நிறைந்த எடோவில், அதாவது பழைய டோக்கியோவில், அது வயிற்றைக் கிழித்துக்கொள்வதை நினைவூட்டியதாம், அதனால் வெடிக்காத பயறுக்கு மாறினார்கள் என்று காரணம் சொல்கிறார்கள். எந்தப் பயறானாலும் சரி, மேலே கருப்பு எள்ளும் உப்பும் தூவாமல் செக்கிஹான் முடியாது. சூப்பர் மார்க்கெட்டில் டப்பாவாக வாங்கினாலும் மூடியடியில் ஒரு குட்டிப் பொட்டலம் இருக்கும். அதற்குள் கோமாஷியோ.

இதைச் சொன்னதும் அம்மாவுக்கு அடுத்த சங்கடம். "எள்ளும் தண்ணியும் இறைக்கிற கருப்பு எள்ளையா நல்ல நாள் சாதத்துல தூவுறாங்க?" நம் பக்கத்தில் கருப்பு எள் என்றால் பித்ரு காரியம், இல்லாவிட்டால் சனீஸ்வரனுக்கு விளக்கு. மங்கல காரியத்தில் கண்ணில் படக்கூடாது. இங்கே சிவப்புச் சோற்றின் மேல் கருப்பு எள் விழுந்தால்தான் அது மங்கலச் சோறு.

வடக்கே ஹொக்கைடோவுக்குப் போனால் செக்கிஹான் இனிப்பு! அசுகிக்குப் பதில் சர்க்கரைப் பாகில் ஊறிய பயறைப் போட்டு, சோற்றுக்குக் கொஞ்சம் வண்ணமும் ஏற்றி ரோஸ் நிறத்தில் கொடுப்பார்கள். அதன் மேலும் கோமாஷியோ உண்டு, பக்கத்தில் சிவப்பு இஞ்சி ஊறுகாயும் உண்டு. முதல் வாயில் திகைப்பாக இருக்கும். பாகின் இனிப்பு திகட்டப்போகிற நேரத்தில் உப்பு பல்லில் பட்டதும் அடுத்த கவளத்துக்குக் கை போய்விடும்.

இதற்கு நேர் எதிர் முனை ஜென் மடங்கள். ஃபுக்குய் மாகாணத்தில் எய்ஹெய்ஜி என்ற மடம் இருக்கிறது. 1244-ல் தோகென் என்ற துறவி நிறுவியது. சமையல்காரத் துறவி எப்படி இருக்க வேண்டும், உணவை எப்படி வாங்கி உண்ண வேண்டும் என்று தனித்தனியாக நூல்கள் எழுதிவைத்த ஆள் அவர். அங்கே காலை உணவு கஞ்சி. கூட முள்ளங்கி ஊறுகாய், கோமாஷியோ. அவ்வளவுதான். இருக்கிற இரண்டு மூன்று பண்டங்களில் எள் மணத்துக்கு இடம் கொடுப்பது இது ஒன்றுதான். அதனால் அது சரியாக வந்தே ஆக வேண்டும்.

உப்பைக் கவனியுங்கள்

கோமாஷியோ என்றதும் எல்லோரும் எள்ளைத்தான் பேசுவார்கள். நான் உப்பிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் செய்முறையும் அங்கேதான் தொடங்குகிறது.

ஜப்பானில் உப்புக்கு ஒரு கதை உண்டு. 1905-ல், ரஷ்யாவோடு போர் நடந்த காலத்தில், வருமானத்துக்காக அரசு உப்பைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. அது 1997 வரை நீடித்தது. நடுவில் 1971-ல் வந்த ஒரு சட்டம் கடலோர உப்பளங்களை ஏறக்குறைய அடியோடு மூடிவிட்டது. அதன் பிறகு ஆலையில், அயனிச் சவ்வு வழியாகக் கடல்நீரைச் செலுத்தி எடுக்கிற, சோடியம் குளோரைடு தவிர வேறொன்றும் அதிகமில்லாத உப்புதான் எல்லோர் வீட்டுக்கும். இது ருசியில்லை, பழைய உப்பு வேண்டும் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. எஹிமே மாகாணத்தில் அப்படிக் கிளம்பிய இயக்கத்திலிருந்து வந்ததுதான் இன்று எல்லாக் கடையிலும் கிடைக்கும் ஹகாத்தா உப்பு, 1973-ல் தொடங்கியது. மெக்சிகோவிலிருந்தோ ஆஸ்திரேலியாவிலிருந்தோ வரும் வெயிலில் விளைந்த உப்பை உள்ளூர்க் கடல்நீரில் கரைத்து மறுபடி காய்ச்சுகிறார்கள். கொஞ்சம் ஈரமாக, விரலில் ஒட்டுகிற மாதிரி இருக்கும்.

அந்த ஈரம்தான் நமக்கு முக்கியம். கடல் உப்பில் தங்கியிருக்கும் மெக்னீசியம் குளோரைடு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். நம் ஊர்க் கல்லுப்பு மழைக்காலத்தில் ஜாடியில் கசிகிறதே, அதே காரணம். ஈர உப்பை எள்ளோடு சேர்த்தால் இரண்டாம் நாளே நமுத்துவிடும். ஆகவே உப்பை முதலில் வெறும் வாணலியில் வறுக்க வேண்டும். மிதமான தீயில் மூன்று நான்கு நிமிடம். முதலில் கட்டி கட்டியாக நகரும். பிறகு உதிர ஆரம்பிக்கும். வாணலியைச் சாய்த்தால் ஆற்று மணல் மாதிரி சரசரவென்று ஓட வேண்டும். அதுதான் பதம். கல்லுப்பாக இருந்தால் பொரியும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

எள்: மூன்று வெடித்தால் இறக்கு

எள் இந்தியத் துணைக்கண்டத்தில் பயிராகி உலகத்துக்குப் போனது. ஹரப்பா அகழாய்விலேயே கருகிய எள் கிடைத்திருக்கிறது. ஜப்பானியர்கள் இவ்வளவு எள் சாப்பிடுகிறார்களே தவிர, அவர்கள் மண்ணில் விளைவது ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. ஆப்பிரிக்காவிலிருந்தும் தென்னமெரிக்காவிலிருந்தும் கப்பலில் வருவதுதான் மற்றதில் பெரும்பகுதி. உள்நாட்டில் அதிகம் விளைகிற இடம் ககோஷிமா மாகாணத்தைச் சேர்ந்த கிக்காய் என்ற குட்டித் தீவு. கோடை முடிவில் அறுத்த எள் செடிகளைக் கட்டுக் கட்டாகச் சாலையோரம் சாய்த்துக் காயவைப்பார்கள். அந்தச் சாலைக்கு 'செசமே ஸ்ட்ரீட்' என்று கிண்டலாகப் பெயரும் வைத்திருக்கிறார்கள்.

இங்கே கடையில் எள் வாங்கும்போது பாக்கெட்டைப் பார்த்து வாங்க வேண்டும். கழுவிக் காயவைத்த பச்சை எள், வறுத்த எள், பொடித்த எள், தோல் நீக்கிய எள் எல்லாம் ஒரே அலமாரியில் இருக்கும். நமக்கு வேண்டியது தோலோடு இருக்கும் பச்சை எள். தோல் நீக்கியதில் மணம் குறைவு. இந்திய மளிகைக் கடை எள்ளும் தாராளமாக ஆகும். ஆனால் அதைத் தண்ணீரில் அலசி, கல் மண் போக அரித்து, கண் சிறுத்த வடிகட்டியில் நன்றாக வடித்துக்கொள்ளுங்கள். உப்புக்குப் பதில் மண் கடிபட்டால் எல்லாம் வீண்.

அளவு இது: எள் 80 கிராம், உப்பு 10 கிராம். எட்டுக்கு ஒன்று. நாக்குக்கு இன்னும் உப்பாக வேண்டுமென்றால் ஆறுக்கு ஒன்று வரை போகலாம். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் பன்னிரண்டுக்கு ஒன்று என்று வைத்தாலும் மணம் குறையாது.

வெள்ளை எள்ளை நிறம் பார்த்து வறுத்துவிடலாம். கருப்பில் அது நடக்காது. கருகினாலும் கருப்பு, கருகாவிட்டாலும் கருப்பு. காதையும் மூக்கையும் விரலையும்தான் நம்ப வேண்டும். இங்கே வீடுகளில் சொல்கிற கணக்கு, மூன்று எள் வெடித்தால் இறக்கு என்பது. ஈர எள் முதலில் வாணலியோடு ஒட்டிக்கொண்டு நகர மறுக்கும். ஈரம் போனதும் இலேசாகும். வாணலியை ஆட்டினால் கலகலவென்று சத்தம் மாறும். சற்று நேரத்தில் ஒன்று 'பட்'டென்று துள்ளும், பிறகு இன்னொன்று. அப்போது இரண்டு எள்ளை எடுத்துக் கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே வைத்து நசுக்கிப் பாருங்கள். ஏன் சுண்டுவிரல்? அதற்குத்தான் பலம் குறைவு. அந்த அழுத்தத்துக்கே எள் நொறுங்கினால் பதம் வந்துவிட்டது. ஆள்காட்டி விரலால் நசுக்கினால் பாதி வெந்த எள்ளும் நொறுங்கிவிடும், ஏமாந்துவிடுவீர்கள்.

ஒரு யோசனை: கருப்பு எள்ளோடு ஒரு சிட்டிகை வெள்ளை எள்ளும் போட்டு வறுங்கள். வெள்ளை பொன்னிறமானால் கருப்பும் தயார். வாணலியின் சூட்டிலேயே மேலும் வறுபடும் என்பதால் உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட வேண்டும்.

சுரிபாச்சி

அரைப்பதற்கு இங்கே சுரிபாச்சி என்று ஒரு மண் சட்டி உண்டு. வெளியே மெருகு, உள்ளே மெருகு இல்லை. ஈரமாக இருக்கும்போதே சீப்பு மாதிரி ஒரு கருவியால் உள்பக்கம் முழுக்க வரிவரியாகக் கீறிச் சுட்டிருப்பார்கள். இடைக்காலத்தில் பிஸேன் பகுதிச் சூளைகளில் செய்த சுரிபாச்சிகள் தூக்கிப் போட்டாலும் உடையாது என்று பேர் வாங்கியவை. கூடவே சுரிகோகி என்கிற மரக் குழவி. சான்ஷோ மரத்தில் செய்தது நல்லது என்பார்கள். பட்டையின் முண்டும் முடிச்சும் அப்படியே இருக்கும், பிடிக்க வாட்டமாக.

வேலை இப்படி நடக்கும். சட்டிக்கு அடியில் ஈரத் துணியை மடித்து வைத்தால் நழுவாது. முதலில் வறுத்த உப்பு மட்டும். அதை நைசாகப் பொடித்துக்கொள்ளுங்கள். பிறகு சூடு ஆறுவதற்குள் எள்ளைக் கொட்டுங்கள். இடது உள்ளங்கை குழவியின் தலைமேல் அசையாமல் இருக்கட்டும். வலது கை கீழே பிடித்து வட்டம் போடட்டும். அழுத்தவே வேண்டாம், குழவியின் கனம் போதும். எள் வரிகளுக்குள் போய் மாட்டும், குழவி மேலே போகும்போது தோல் கிழியும். முதலில் சரக் சரக் என்று கரகரப்பாகச் சத்தம் வரும். மணம் எழும்ப எழும்பச் சத்தம் மெத்தென்று ஆகும்.

இங்கேதான் நிறுத்த வேண்டும். முக்கால்வாசி எள் உடைந்திருக்க வேண்டும், கால்வாசி முழுசாகக் கண்ணில் தெரிய வேண்டும். அள்ளி உதறினால் ஈர மணல் போலச் சற்றே ஒட்டி, உடனே உதிர வேண்டும். மிக்ஸி பழகிய நம் கைக்கு இது சிரமம். இன்னும் ஒரு சுற்று விட்டால் நைசாகிவிடுமே என்று தோன்றும். அந்த ஒரு சுற்றில்தான் எல்லாம் போகும். எள்ளில் பாதி எண்ணெய். முழுசாக அரைத்தால் எண்ணெய் மொத்தமும் வெளியே வந்து விழுதாகிவிடும். அது வேறு பண்டம், அதற்கு வேறு சமையல் இருக்கிறது. கோமாஷியோ தூவக்கூடியதாக இருந்தால்தான் கோமாஷியோ.

உடைக்காமல் விட்டால் என்ன என்று கேட்டால், அதுவும் ஆகாது. எள்ளின் தோல் கெட்டி. முழு எள் பெரும்பாலும் போன வழியே போய்விடும், உள்ளே இருக்கும் சத்தும் எண்ணெயும் உடம்பில் சேராது. ருசியிலும் அப்படியே. முக்கால் பதத்தில் உடைக்கும்போது, வெளியே வருகிற கொஞ்ச எண்ணெய் உப்புத் தூளின் மேல் பூசிக்கொள்கிறது. வெறும் உப்பு நாக்கில் பட்டவுடன் சுரீர் என்கும். இது முதலில் எள்ளாக வந்து, பிறகு மெதுவாக உப்பாகிறது. உப்பை முதலில் நைசாக்கச் சொன்னதும் எள்ளைப் பாதியில் விடச் சொன்னதும் இதற்காகத்தான். கடையில் விற்கும் செக்கிஹான் பொட்டலத்தில் பெரும்பாலும் உடைக்காத எள்ளும் உப்பும் தனித்தனியாகக் கிடக்கும். அதையும் வீட்டில் அரைத்ததையும் ஒரே சோற்றில் அடுத்தடுத்துத் தூவிப் பாருங்கள், நான் சொல்வது விளங்கும்.

சுரிபாச்சி இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். அம்மியில் குழவியை இலேசாக ஓட்டலாம். சின்னக் கல்லுரலில் இடிக்காமல் சுழற்றித் தேய்க்கலாம். மிக்ஸிதான் என்றால் எள்ளை முழுக்க ஆறவிட்டு, விட்டு விட்டு ஒரு நொடி வீதம் மூன்று நான்கு தடவை. பிளேடு சூடானால் எண்ணெய் கக்கும். உப்பைத் தனியாகப் பொடித்துக் கையால் கலந்துவிடுங்கள். சுரிபாச்சி வாங்கியவர்கள் வரிகளில் சிக்கிய எள்ளைத் தென்னை நார்ப் பிரஷ் கொண்டு தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவையுங்கள். இல்லாவிட்டால் அடுத்த தடவை சிக்கு நாற்றம் வரும்.

எதற்கெல்லாம் ஆகும்?

ஓனிகிரி என்கிற சோற்று உருண்டை பிடிக்கும்போது உப்புக்குப் பதிலாக. வேகவைத்துப் பிழிந்த கீரையின் மேல். தண்ணீர் வடித்த தோஃபுவின் மேல். அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கின் மேல். தவிட்டோடு இருக்கும் கைக்குத்தல் அரிசிச் சோற்றோடு இதற்கு இருக்கும் பொருத்தம் வேறெதோடும் இல்லை, அந்தத் தவிட்டு மணமும் எள் மணமும் ஒன்றையொன்று தூக்கிவிடும்.

என் அடுப்படியில் இது அதிகம் செலவாவது தயிர் சாதத்துக்கு. உப்பே போடாமல் பிசைந்து, தாளிக்காமல், பென்டோ என்கிற சாப்பாட்டு டப்பாவில் வைத்து, சாப்பிடும் நேரத்தில் மேலே ஒரு ஸ்பூன். வெள்ளரிக்காய்த் துண்டு, அவித்த முட்டை, வேகவைத்த சோளம், நெய் விட்ட சூடான சாதம் இவற்றுக்கும் அப்படியே. சாம்பாரிலோ ரசத்திலோ மட்டும் போடாதீர்கள். கொதிக்கிற தண்ணீரில் உப்பு கரைந்து போகும், எள் மிதந்து நிற்கும், பட்ட பாடெல்லாம் வீண். சாப்பிடும் தட்டில், கடைசியில்.

இது மருந்து இல்லை

ஜப்பானுக்கு வெளியே கோமாஷியோவைப் பிரபலமாக்கியது மேக்ரோபயாடிக் இயக்கம். கியோட்டோவில் பிறந்த ஜார்ஜ் ஒசாவா (1893–1966) நாடு நாடாகப் போய், முழு அரிசியும் கோமாஷியோவும் உடம்பையும் மனசையும் சரிசெய்யும் என்று பிரசாரம் செய்தார். அமெரிக்காவில் இயற்கை உணவுக் கடைகள் முளைத்த காலத்தில் இந்தப் பொடியும் அவற்றின் அலமாரியில் ஏறியது. தலைவலிக்கு ஒரு ஸ்பூன், களைப்புக்கு ஒரு ஸ்பூன் என்று இன்றும் எழுதுகிறார்கள். அதே இயக்கத்தின் கடும் பத்தியத்தை, அதாவது தானியம் தவிர வேறெதுவும் இல்லை என்பதை, பிடிவாதமாகக் கடைப்பிடித்த ஓர் இளம்பெண் 1965-ல் நியூ ஜெர்சியில் இறந்துபோனதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். பண்டத்தில் குற்றமில்லை, அதன் தலையில் ஏற்றிய பாரத்தில்தான்.

என் கணக்கு சாதாரணம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு போதும் என்கிறது. எட்டுக்கு ஒன்று கோமாஷியோவில் ஒரு டீஸ்பூன், சுமார் 3 கிராம், எடுத்தால் அதில் உப்பு ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்குதான். அதுவும் சோற்றுக்கு வேறு உப்பு சேர்க்காவிட்டால்தான் இந்தக் கணக்கு லாபம். உப்பு போட்ட சோற்றின் மேல் இதையும் தூவினால், எள்ளின் பெயரைச் சொல்லிக் கூடுதல் உப்பு சாப்பிடுகிறோம், அவ்வளவே. அயோடின் சேர்க்காத கல்லுப்பில் செய்கிறவர்கள் மற்ற சமையலுக்கு அயோடின் உப்பை விட்டுவிடாதீர்கள். எள் ஒவ்வாமையும் சாதாரணமில்லை. அமெரிக்காவில் 2023 முதல் எள் முக்கிய ஒவ்வாமைப் பொருள் என்று உறையில் அச்சிட்டே ஆக வேண்டும். விருந்தாளிக்குத் தூவும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள்

செய்து ருசி பார்த்ததும் இதில் எதையாவது சேர்க்கத் தோன்றும். கொஞ்சம் மிளகு, கொஞ்சம் கறிவேப்பிலை, ஒரு காய்ந்த மிளகாய். தாராளமாகச் செய்யுங்கள், அருமையாகவே இருக்கும். ஆனால் அது உப்பின் இடத்தில் உட்கார மறுத்து, மறுபடி தொடுகறியாகிவிடும். பொடிக்கு நம்மிடம் பஞ்சமில்லை. எல்லாவற்றின் மேலும் தூவக்கூடிய, எதோடும் சண்டைக்குப் போகாத உப்பு நம்மிடம் இல்லை. இதை அப்படியே விட்டுவைக்கலாம் என்பது என் கட்சி.

அதேபோல, நன்றாக வந்துவிட்டது என்று அடுத்த முறை ஒரு கிலோ எள்ளை வறுக்காதீர்கள். உடைத்த எள்ளின் எண்ணெய் காற்றுப் பட்டால் காறிப்போகும். முழுக்க ஆறியபின் கண்ணாடிக் குப்பியில் இறுக்கி மூடினாலும் பத்துப் பதினைந்து நாள்தான் அந்த மணம். 40 கிராம் எள், 5 கிராம் உப்பு என்று தொடங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் டிகாக்‌ஷன் இறங்குகிற நேரத்துக்குள் வறுத்து அரைத்து முடித்துவிடலாம். தீர்ந்தால் அடுத்த ஞாயிறு இருக்கவே இருக்கிறது.